ஒரு பானைக்கு ஒரு சோறு: சோலர் தேடலில் தமிழ் கெட்டுப்போகும் இடத்தைப் பிடிப்பது எப்படி?

சமையல் குறிப்புத் தளம் ஒன்று. தேடல் பெட்டியில் ‘சோறு’ என்று அடிக்கிறீர்கள். உள்ளே சோற்றைப் பற்றியே நூறு குறிப்புகள் இருக்கின்றன, ஆனால் பதில் ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. சில நேரம் இதற்கு நேர்மாறாக, ‘சோறு’ என்றாலும் ‘பாயசம்’ என்றாலும் தளத்தில் உள்ள அத்தனை குறிப்புகளும் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் தேடினால் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இப்படி நடந்தால் என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக (எண்களாக) எழுதிவைக்கும் முறை, எங்கோ உதைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரை அப்பாச்சி சோலர் என்ற தேடல் சர்வரை வைத்து எழுதியது. வேறு தேடல் சர்வர் வைத்திருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும். சோலர் நிறுவத் தெரியும், டெர்மினலில் கட்டளை அடிக்கத் தெரியும், ஆனால் எழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது என்று புரியவில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சோலர் மேல் பழி போடாதீர்கள். அது ஜாவாவில் எழுதியது, அதன் வயிற்றுக்குள் எல்லாம் யூனிகோட்தான், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் முறை. எழுத்து கெடுவது கைமாறும் இடங்களில். டேட்டாபேஸிலிருந்து இண்டெக்ஸ் செய்யும் (தேடலுக்காகத் தரவைச் சோலரில் ஏற்றும்) நிரலுக்கு ஒரு கை மாறுகிறது, அந்த நிரலிலிருந்து சோலருக்கு இன்னொரு கை. பிரவுசரிலிருந்து உங்கள் ஆப்புக்கும், ஆப்பிலிருந்து சோலருக்கும், பதில் திரும்பி வரும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் பைட்டுகளைக் கொடுக்கிறார், மற்றவர் ‘இது இன்ன என்கோடிங்’ என்று நினைத்து வாங்குகிறார். நினைப்பு தப்பினால் எழுத்தும் தப்பும். எந்தக் கையில் தப்பியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடித்தபின் திருத்துவது பெரும்பாலும் ஒரு வரி மாற்றம்.

எதையும் தொடாமல் கெட்ட எழுத்தைப் பாருங்கள்

எழுத்து எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பிரச்சினை என்கோடிங்கில் இல்லை, அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துருவைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

சாதாரணக் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், யாரோ தமிழை அதற்கு இடமே இல்லாத என்கோடிங்கில் எழுத முயன்றிருக்கிறார்கள். இடம் இல்லாததால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி விழுந்திருக்கிறது. இதற்குத் திரும்பும் வழி கிடையாது. மூலத் தரவுக்குத்தான் போக வேண்டும்.

கறுப்பு வைர வடிவத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், எழுதும்போது இல்லை, படிக்கும்போது தவறியிருக்கிறது. வாங்கியவருக்குப் பைட்டுகள் புரியவில்லை. அந்தக் குறியோடு இண்டெக்ஸில் சேமித்துவிட்டால் அங்கேயும் இழப்புதான்.

கடைசி வகையைத்தான் நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள். தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி ‘ஏ’, மறுபடி ‘ஆர்’, நடுவே ஏதேதோ குறிகள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இருப்பதில் நல்ல சகுனம் இதுதான். யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் என்கோடிங்) பைட்டுகளை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய என்கோடிங்) என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஒரு சோறு பதம்

முழுத் தரவையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரே ஒரு சொல்லை எடுத்து, ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதன் பைட்டுகளை எண்ணுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதனால் நானும் ‘சோறு’ என்ற சொல்லையே வைத்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தச் சொல்லுக்குள் ஓகாரக் குறியும் உகரக் குறியும் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு விதத்தில் தகராறு செய்பவை.

கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோடுக்கு நான்கு. யூடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். பதின்ம எண்ணில் எழுதினால்:

ச: 224, 174, 154
ஓகாரக் குறி: 224, 175, 139
ற: 224, 174, 177
உகரக் குறி: 224, 175, 129

மொத்தம் 12 பைட். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் எழுத்துகள் எல்லாமே 224 இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 என்றுதான் வரும். லத்தீன்-1 இல் 224 என்பது அந்தக் கோடு போட்ட ‘ஏ’, 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’. தமிழ் கெட்டால் எப்போதும் ஒரே முகத்தோடு கெடுவது இதனால்தான்.

லினக்ஸில் ‘ஓடி’ என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு. அதற்கு ‘டி, யூ, 1’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எந்தக் கோப்பையும் இப்படிப் பதின்ம எண்களாகக் கொட்டிக் காட்டும். சொல்லை அதற்கு அனுப்பும்போது ‘எக்கோ’ வேண்டாம், ‘பிரிண்ட்எஃப்’ பயன்படுத்துங்கள். ‘எக்கோ’ கடைசியில் வரிமுறிவுக்கு ஒரு 10 சேர்த்துவிடும், நீங்கள் பதின்மூன்றாவது பைட் எங்கிருந்து வந்தது என்று அரை மணி நேரம் தேடுவீர்கள். நான் தேடியிருக்கிறேன்.

இப்போது ‘சோறு’ கெட்டு, அந்தக் கெட்ட வடிவம் மறுபடி யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கப்பட்டிருந்தால் எத்தனை பைட் வரும்? இந்த எண்ணிக்கைதான் யார் கெடுத்தது என்று காட்டிக்கொடுக்கும்.

24 வந்தால், நடுவில் ஒருவர் அச்சு அசல் லத்தீன்-1 என்று படித்திருக்கிறார். எல்லாம் மீட்கலாம்.

25 வந்தால் கை வைத்தது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். அது ‘லத்தீன்1’ என்று சொல்லிக்கொள்வது உண்மையில் விண்டோஸ்-1252, லத்தீன்-1 போலவே இருந்து சில இடங்களில் மட்டும் மாறும் என்கோடிங். அதில் 139 என்ற பைட் ஒரு மூன்று பைட் குறியாக மாறுவதால் ஒன்று கூடுகிறது. இதுவும் மீட்கலாம்.

26 வந்தால் வயிற்றில் புளி கரைக்கும். அது ஜாவா நிரல் ஒன்று விண்டோஸ்-1252 என்று படித்தது. அந்த என்கோடிங்கில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. மைஎஸ்க்யூஎல் அந்தக் காலி இடங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஜாவா அப்படிச் செய்யாமல் அங்கே அந்தக் கறுப்பு வைரக் குறியைப் போட்டுவிடும். இப்போது தமிழில் அந்த எண்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். 129 உகரக் குறி. 141 புள்ளி. 143 ‘ஏ’, 144 ‘ஐ’. புள்ளியையும் உகரத்தையும் தொலைத்த தமிழை எந்த மீட்பு நிரலும் முழுசாகத் திருப்பித் தராது.

சோலரை மட்டும் தனியாகச் சோதியுங்கள்

ஆப், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சோலரிடம் பேசுங்கள். சோலர் தொகுப்பில் ‘எக்ஸாம்பிள்டாக்ஸ்’ என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் ‘டெஸ்ட் யூடிஎஃப்8’ என்ற பெயரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அதை ஓட்டினால் ‘கெட்’ (கேள்வி முகவரியிலேயே போகும்) வழியாகவும் ‘போஸ்ட்’ (கேள்வி கோரிக்கையின் உடலில் போகும்) வழியாகவும் யூடிஎஃப்-8 ஒழுங்காகப் போய் வருகிறதா என்று சோதித்து ஒவ்வொரு வரியாகச் சொல்லும். எல்லாம் சரி என்று வந்தால் சோலர் நிரபராதி, வெளியே தேடுங்கள்.

அடுத்து, ‘சோறு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் உள்ள ஓர் ஆவணத்தைக் கையாலேயே ‘கர்ல்’ கட்டளை மூலம் ஏற்றுங்கள். ‘டேட்டா-பைனரி’ விருப்பத்தோடு அனுப்புங்கள், கோப்பு இருக்கிறபடியே போகும். கன்டென்ட்-டைப் தலைப்பில் சார்செட் (என்கோடிங்) யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்தச் சொல்லையே தேடுங்கள்.

தேடும்போது இரண்டு அளவுருக்கள் கைகொடுக்கும். ‘எக்கோபேராம்ஸ்’ என்பதற்கு ‘எக்ஸ்ப்ளிசிட்’ என்று கொடுத்தால், நீங்கள் கேட்டது சோலரின் காதில் எப்படி விழுந்தது என்பதை அப்படியே திருப்பிச் சொல்லும். ‘டபிள்யூடி’ என்பதற்குப் ‘பைத்தான்’ என்று கொடுத்தால், பதிலில் உள்ள தமிழ் எழுத்துகளை எழுத்தாகக் காட்டாமல் யூனிகோட் எண்களாகக் காட்டும். எனக்கு இது மிகவும் பிடித்த வழி. காரணம், டெர்மினலும் பிரவுசரும் பொய் சொல்லும். கெட்டதை நல்லதாகவும் நல்லதைக் கெட்டதாகவும் காட்டும். எண் பொய் சொல்லாது. எண்கள் (இவை பதினாறடிமான எண்கள்) ‘0பி’ என்று தொடங்கினால் தமிழ் தமிழாகவே இருக்கிறது. ‘00’ என்று தொடங்கினால் உள்ளேயே குப்பைதான் சேர்ந்திருக்கிறது.

எதைத் தேடினாலும் எல்லாம் வருகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அதற்கும் விடை இங்கேதான். ஏற்றும்போதும் தேடும்போதும் ஒரே விதமாகக் கெட்டால், ‘சோறு’ என்பது கோடு போட்ட ‘ஏ’ நான்கும் நடுவே சில குறிகளும் ஆகிவிடும். சோலரின் வழக்கமான சொல் பிரிப்பான் குறிகளைத் தள்ளிவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மிஞ்சுவது அந்த ‘ஏ’. தளத்தில் உள்ள ஒவ்வொரு தமிழ்ச் சொல்லிலும் அந்த ‘ஏ’ இருக்கிறது. பிறகு எதைக் கேட்டாலும் எல்லாம் வராமல் என்ன செய்யும்?

கேள்வி போகும் வழி

பிரவுசர் முகவரியில் தமிழ் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். ‘சோறு’ 36 எழுத்து. ஆப்பின் லாகில் அந்தச் சரத்தைப் பாருங்கள். சதவீதக் குறிக்குப் பின் 25 என்று திரும்பத் திரும்ப வந்தால், யாரோ ஒருமுறை மாற்றியதையே இன்னொரு முறை மாற்றியிருக்கிறார்கள். லைப்ரரி தானே செய்யும் வேலையை நீங்களும் கையால் செய்திருப்பீர்கள். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

உங்கள் ஆப் பழைய டாம்கேட்டில் (ஜாவா ஆப்களை ஓட்டும் வெப் சர்வர்) ஓடினால் இன்னொரு பொறி உண்டு. டாம்கேட் 7 வரை முகவரியில் வரும் பைட்டுகளை அது லத்தீன்-1 என்றுதான் படித்தது. ‘சர்வர்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் கனெக்டர் வரியில் ‘யூஆர்ஐஎன்கோடிங்’ என்ற பண்பை யூடிஎஃப்-8 என்று வைக்க வேண்டும். டாம்கேட் 8 இலிருந்து இயல்பிருப்பே யூடிஎஃப்-8 தான். சோலரும் 5 ஆம் பதிப்பிலிருந்து தன்னோடு வரும் ஜெட்டி என்ற வெப் சர்வரிலேயே ஓடுவதால் சோலர் பக்கத்தில் இந்தத் தலைவலி போய்விட்டது. இன்னும் பழைய அமைப்புகளைப் பராமரிப்பவர்கள்தான் மாட்டுவார்கள்.

‘கெட்’ வேலை செய்து ‘போஸ்ட்’ மட்டும் கெட்டால், கனெக்டரை விட்டுவிட்டு உங்கள் ஆப்பைப் பாருங்கள். படிவத்தின் மதிப்பைப் படிப்பதற்கு முன்பே கோரிக்கையின் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட வேண்டும். ஒரு மதிப்பைப் படித்துவிட்டு அப்புறம் சொன்னால் பிரயோஜனமில்லை.

நீளமான தமிழ்க் கேள்விகள் மட்டும் பிழையோடு திரும்பினால் அது என்கோடிங் பிழையே அல்ல. சோலரோடு வரும் ஜெட்டியில் கோரிக்கைத் தலைப்புக்கு 8192 பைட்தான் இயல்பிருப்பு. ஒரு யூனிகோட் எழுத்துக்கு ஒன்பது என்று கணக்குப் போட்டால் தொள்ளாயிரம் எழுத்திலேயே தட்டும். வடிகட்டிகள் நிறைய இருந்தால் இன்னும் சீக்கிரம். ‘போஸ்ட்’ வழியாகக் கேளுங்கள்.

ஏற்றும் வழி

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இண்டெக்ஸ் நிரல் தினமும் இரவில் கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் லினக்ஸ் கருவி) மூலம் ஓடும். காலையில் வந்து பார்த்தால் தலைப்பு முழுக்கக் கேள்விக்குறி. அதே நிரலைக் கையால் ஓட்டினால் தங்கமாக வேலை செய்யும். மூன்று நாள் இப்படியே போனது. பகலில் சரி, இரவில் கோளாறு, பேய் பிடித்ததுபோல. கடைசியில் பார்த்தால், நான் லாகின் செய்யும்போது ‘லாங்’ என்ற சூழல் மாறி யூடிஎஃப்-8 என்று இருந்தது. கிரானுக்கு அது எதுவுமே இல்லை. ஜாவா அதைப் பார்த்துவிட்டு, சரி, ஆஸ்கிதான் (வெறும் ஆங்கில எழுத்துக்கான என்கோடிங்) போல என்று முடிவு செய்து கோப்பை எழுதியது.

ஜாவா 18 இலிருந்து (2022) இயல்பிருப்பு எங்கும் யூடிஎஃப்-8 என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஜாவா என்றால், தொடங்கும்போது ‘ஃபைல்.என்கோடிங்’ என்ற பண்பை யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். நிரல் உங்களுடையது என்றால், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்கை வெளிப்படையாக எழுதிவிடுவது இன்னும் நல்லது.

இந்த வகைக் கோளாறில் கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள். ‘சோறு’ நான்கு கேள்விக்குறியானால், நிரல் தமிழைச் சரியாகத்தான் படித்தது, எழுதும்போது விட்டது. பன்னிரண்டு கறுப்பு வைரமானால், படிக்கும்போதே ஆஸ்கி என்று நினைத்திருக்கிறது.

எக்செல் கோப்பிலிருந்து தரவு வருகிறதா? விண்டோஸில் சாதாரண ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் அங்கேயே கேள்விக்குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, அதில் சேமியுங்கள். ஆனால் அது கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட்டைச் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. அது முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ‘இப்படி ஒரு புலம் இல்லை’ என்று பிழை வரும். நீங்கள் சோலரின் திட்டக் கோப்பை (ஸ்கீமா) திறந்து பார்த்தால் அந்தப் புலம் அங்கே சிரித்துக்கொண்டு இருக்கும். அந்த மூன்று பைட்டை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

டேட்டாபேஸ் சொல்லும் பொய்

மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு செயல்கூறுகள் போதும். ‘கேர்_லெங்த்’ எழுத்தை எண்ணும், ‘லெங்த்’ பைட்டை எண்ணும். ‘சோறு’ மட்டும் உள்ள வரிசைக்கு 4, 12 என்று வந்தால் நலம். 12, 25 என்று வந்தால் உள்ளேயே இருமுறை குறியேறிக் கிடக்கிறது.

‘அதெப்படி, தளத்தில் தமிழ் நன்றாகத்தானே தெரிகிறது’ என்பீர்கள். பழைய ஆப் லத்தீன்-1 இணைப்பில் எழுதி, அதே லத்தீன்-1 இணைப்பில் படிக்கிறது. போகும்போது ஒரு தப்பு, வரும்போது அதே தப்பு, இரண்டும் கழிந்து சரியாகத் தெரிகிறது. வருடக்கணக்காக யாருக்கும் தெரியாமல் ஓடும். புதிதாகச் சோலர் வைக்கிறீர்கள், இண்டெக்ஸ் நிரல் ஒழுங்காக யூடிஎஃப்-8 இணைப்பில் வந்து கேட்கிறது, உண்மை அப்போதுதான் வெளியே வருகிறது. நேர்மையாகக் கேட்டவன் தலையில் பழி விழும்.

திருத்த, அந்தப் புலத்தை லத்தீன்1 ஆக மாற்றி, அதைப் பைனரி என்று அறிவித்து, மறுபடி யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்க வேண்டும். மூன்று படியும் ஒரே வினவலில் முடியும். ஆனால் முதலில் நகல் எடுத்துவிட்டு, பத்து வரிசையில் செய்து பாருங்கள். சில வரிசைகள் கெட்டும் சில வரிசைகள் நல்லபடியும் கலந்து கிடக்கும். நல்லதன் மேல் இதை ஓட்டினால் அத்தனையும் கேள்விக்குறியாகிவிடும். இணைப்பையும் யூடிஎஃப்-8 ஆக மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நாளை மறுபடி கெடும்.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட்டோடு நின்றுவிடும், நான்கு பைட் எழுத்துக்கு ‘யூடிஎஃப்8எம்பி4’ வேண்டும். அன்றாடத் தமிழுக்கு மூன்றே போதும். ஆனால் மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்னக் குறிகள் 2019 இல் யூனிகோட் 12 இல் நான்கு பைட் பகுதியில்தான் சேர்ந்தன. பழங்கணக்கு நூல்களை ஏற்றுபவர்கள் கவனிக்கவும்.

பைட் சரி, ஆனாலும் கிடைக்கவில்லை

எல்லாம் 12 பைட், எல்லாம் ‘0பி’, ஆனாலும் ‘சோறு’ அகப்படவில்லை. இப்போது ஆவணத்தில் உள்ள சொல்லை எண்ணுங்கள். 15 வருகிறதா? யாரோ ஓகாரக் குறியை ஒரே குறியாக அடிக்காமல், இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாக அடித்திருக்கிறார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொல். சோலரின் ஐசியூ நார்மலைசர் வடிகட்டியை ஏற்றும் பக்கமும் தேடும் பக்கமும் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகளும் இப்படி நடுவில் ஒளிந்திருக்கும். அவை இருந்தால் பைட் எண்ணிக்கை மூன்று மூன்றாகக் கூடும்.

‘ஸ்ரீ’ தனிக் கதை. அதை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005 இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம். நார்மலைசர் இதைத் தொடாது. மேப்பிங் வடிகட்டியில் ஒரு வரி எழுதி ஒன்றாக்குங்கள்.

அதுவும் இல்லையென்றால் சோலரின் நிர்வாகப் பக்கத்தில் ‘அனாலிசிஸ்’ திரையைத் திறந்து ‘சோறு’ என்று இடுங்கள். அது ‘ச’, ‘ற’ என்று இரண்டாக உடைந்தால், யாரோ புலத்துக்கு லெட்டர் டோக்கனைசர் என்ற சொல் பிரிப்பானை வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொம்பும் காலும் எழுத்தாகத் தெரியாது, அந்த இடத்தில் வெட்டிவிடும். ஸ்டாண்டர்ட் டோக்கனைசருக்கு மாற்றுங்கள்.

என்கோடிங்கால் தீராதது

சில கோப்புகளில் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று இருக்கும். அது கெட்ட யூனிகோட் அல்ல, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. கணினியைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே ஆங்கில எழுத்துதான். எந்த சார்செட் அமைப்பும் உதவாது, ஏற்றுவதற்கு முன் எழுத்துரு மாற்றி நிரலில் போட்டு எடுக்க வேண்டும். டிஸ்கி (தமிழுக்கான பழைய என்கோடிங்) கோப்பு என்றால் லினக்ஸின் ‘ஐகான்வ்’ கட்டளைக்கே அது தெரியும். பழைய பிடிஎஃப்களிலிருந்து எடுக்கும் உரையும் பெரும்பாலும் இந்த ரகம்தான், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

திருத்தியபின்

அமைப்பை மாற்றிவிட்டால் ஏற்கெனவே இண்டெக்ஸில் கிடக்கும் குப்பை தானாகத் தமிழாகாது. பழைய இண்டெக்ஸை அழித்துவிட்டு முழுவதையும் மறுபடி ஏற்ற வேண்டும். ‘எல்லாம் சரி செய்துவிட்டேன், ஆனாலும் வரவில்லை’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அந்த ஒற்றைச் சொல் ஆவணத்தை மட்டும் நீக்காதீர்கள். அதற்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்து, தளத்தின் வழக்கமான தேடல் முடிவில் வராதபடி வடிகட்டிவிட்டு உள்ளேயே வைத்திருங்கள். இரவு இண்டெக்ஸ் முடிந்ததும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அந்த அடையாள எண்ணோடு ‘சோறு’ என்று கேட்கட்டும். ஒன்று என்று பதில் வந்தால் சும்மா இருக்கட்டும், பூச்சியம் என்று வந்தால் உங்களுக்கு மெயில் போடட்டும்.